நாய் இருமல்

வளர்ப்பு நாய்க்கு வரும் இருமல் ஓர் அறிகுறி; தனி நோயின் பெயராக அதைக் கொள்ள முடியாது. குரல்வளையிலோ மூச்சுக்குழலிலோ அதன் கிளைகளிலோ தூசி, கோழை, புழு, எலும்புத் துணுக்கு, வீக்கம் என எது உறுத்தினாலும் அங்குள்ள நரம்பு முனைகள் மூளைக்குச் சேதி சொல்கின்றன. நாய் ஆழ்ந்து மூச்சிழுக்கிறது, குரல்வளையை இறுக மூடுகிறது, நெஞ்சை அழுத்துகிறது, பிறகு சட்டென்று திறந்துவிடுகிறது. வெடித்து வெளியேறும் அந்தக் காற்றுதான் இருமல். ஒரு வாரத்தில் தானே அடங்கும் தொற்றும் இதயம் தளர்ந்த கடைசிக் கட்டமும் வீட்டாரின் காதில் ஒரே இருமலாகத்தான் விழும். ஆகவே அடக்குவதற்கு மருந்து தேடுமுன், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டறிவது முதல் வேலை.

மதுரைக்கு வடகிழக்கே 20 கிலோமீட்டர் தாண்டி, அழகர்மலை அடிவாரத்தில் இருக்கும் அழகர்கோவில் வட்டாரத்தில் நாய் வீட்டு ஆளாகவே வளர்கிறது. மாந்தோப்புக்கும் தென்னந்தோப்புக்கும் காவல் அதுதான். மாட்டுத்தொழுவத்தின் ஓரத்தில், சல்லிக்கட்டுக் காளைக்குப் பக்கத்தில் படுத்திருப்பதும் அதுதான். கள்ளழகர் கோயில் வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமி காவல் நிற்கும் மண் இது. கிராமத்துக் கருப்பர் கோயில்களில் சாமியின் குதிரைக்குக் கீழே சுடுமண் நாயும் நிற்பதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் நாய்க்குக் கல் நட்ட வரலாறே உண்டு. திருவண்ணாமலைப் பகுதியில் உள்ள எடுத்தனூர் நடுகல், முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில், கள்வரைக் கடித்து எசமானுக்குத் துணைநின்ற கோவிவன் என்ற நாயைப் பெயர் சொல்லிப் பதிவுசெய்திருக்கிறது. இப்படி மதிக்கப்பட்ட விலங்கு திண்ணையோரம் இரவெல்லாம் இருமிக்கொண்டிருக்க, 'பனி ஒத்துக்கலை, தானாச் சரியாப் போயிரும்' என்று விட்டுவிடும் வழக்கமும் அதே ஊர்களில் இருக்கிறது. சில இருமல் தானாகச் சரியாகும். எது சரியாகும், எது ஆகாது என்பதில்தான் நாயின் உயிர் இருக்கிறது.

நாயை இழுத்துக்கொண்டு மருத்துவரிடம் வருபவர்கள் பெரும்பாலும் இருமல் என்ற சொல்லையே சொல்வதில்லை. "தொண்டையில என்னமோ மாட்டிக்கிச்சு டாக்டர், கக்கப் பாக்குது, வர மாட்டேங்குது" என்பார்கள். பார்த்ததை அப்படியே சொல்கிறார்கள். நாய் கழுத்தை முன்னால் நீட்டி, முதுகை வளைத்து, வாத்து கத்துவதுபோல் நாலைந்து முறை உரக்க இருமும். முடிவில் ஓங்கரித்து வெள்ளை நுரையைக் கொஞ்சம் தள்ளும். அடுத்த நிமிடமே வாலாட்டிக்கொண்டு சோற்றுத்தட்டைத் தேடிப் போகும். எலும்பு சிக்கிய நாய்க்கு இந்த ஓய்வு கிடைக்காது. அது முன்னங்காலால் வாயைச் சுரண்டும், எச்சில் வடிக்கும், விழுங்க முடியாமல் தவிக்கும். வாத்துக் குரலும் நுரையும் உடனே திரும்பும் பசியும் சேர்ந்து காட்டுவது, பெரும்பாலும் நாய்களிடையே தொற்றும் மூச்சுக்குழல் அழற்சியை.

இங்கே ஓர் எச்சரிக்கையைத் தள்ளிப்போட முடியாது. 'எலும்பு சிக்கிருச்சு' என்று நாயின் வாய்க்குள் கையை விடுவது இந்த நாட்டில் உயிரோடு விளையாடுவதாகும். வெறிநோயின் வாதவகையில் நாய் வெறிகொண்டு ஓடாது, கடிக்கவும் வராமல் இருக்கலாம். தாடை தொங்கிப்போகும், எச்சில் ஒழுகும், விழுங்க முடியாது, குரைப்பின் குரல் மாறிக் கரகரக்கும். பார்ப்பவர் கண்ணுக்குத் தொண்டை அடைத்த நாயாகவே தெரியும். தடுப்பூசி போட்ட விவரம் தெரியாத நாய், அண்மையில் தெருநாயோடு சண்டையிட்ட நாய், திடீரென்று குணம் மாறிய நாய் ஆகியவற்றின் வாயைத் தொடாமல், தனியே கட்டி மருத்துவரை அழைக்க வேண்டும். எச்சில் காயத்தில் பட்டாலோ கடி விழுந்தாலோ ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் தொடங்கப்பட்டதிலிருந்து தென்னிந்தியாவுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி கிடைத்துவருகிறது. நோய் முற்றி வெளிப்பட்ட பிறகு மனிதரைக் காப்பது இன்றும் ஏறக்குறைய இயலாத காரியம்.

மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுக்கு வீட்டில் இருப்பவர் மட்டுமே பதில் சொல்ல முடியும். இருமல் எப்போது வருகிறது? விருந்தாளியைக் கண்டு துள்ளும்போதா, கழுத்துப்பட்டை இழுபடும்போதா, தண்ணீர் குடித்தவுடனா, நடுச்சாமத்தில் படுத்திருக்கும்போதா? வறண்டு ஒலிக்கிறதா, உள்ளே கோழை கொழகொழவென்று கேட்கிறதா? இதில் கவனமாகப் பார்க்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. நாய் மனிதரைப் போலக் காறித் துப்பாது. வந்த சளியை விழுங்கிவிடும். தரையில் ஒன்றும் விழாததால் 'வறட்டு இருமல்தான்' என்று வீட்டார் முடிவுகட்டுவார்கள். இருமி முடித்த கணத்தில் தொண்டை ஏறி இறங்குகிறதா, நாக்கால் உதட்டை நக்குகிறதா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். விழுங்கினால் சளி உண்டு, நோய் மூச்சுக்கிளைகளின் ஆழத்தில் இருக்கலாம். இன்று இதற்கு எளிய உதவி கைபேசி. மருத்துவமனை மேசையில் ஏறியதும் நாய் பயத்தில் இருமவே இருமாது. வீட்டில் எடுத்த அரை நிமிடக் காணொளி அந்த வெற்றிடத்தை நிரப்பும்.

இருமலோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று தலைகீழ்த் தும்மல். நாய் நான்கு காலையும் ஊன்றி விறைத்து நின்று, மூக்கு வழியாகக் காற்றைக் கர்கர்ரென்று உள்ளே இழுக்கும். பார்க்கப் பதற்றமாக இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் ஓய்ந்துவிடும், நாய்க்கு ஒன்றும் ஆகாது. தொண்டையை மெல்லத் தடவிக்கொடுத்தால் போதும். அடிக்கடி வந்தால் மட்டும் மூக்கைச் சோதிக்க வேண்டும்.

தொற்று இருமலுக்கு ஆங்கிலத்தில் நாய்க்கூண்டு இருமல் என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. கூண்டுகளில் நெருக்கமாக நாய்களை அடைக்கும் இடங்களில் தீப்போலப் பரவுவதால் வந்த பெயர். வளர்ப்பகம், கண்காட்சி, நாய் விற்கும் கடை, கருத்தடை மையம், ஊருக்குப் போகிறவர்கள் நாயை விட்டுச்செல்லும் காப்பகம் ஆகியவை இதன் வழக்கமான களங்கள். பாராஇன்ஃப்ளூயன்சா வைரஸ், அடினோவைரஸ் இரண்டாம் வகை, போர்டெட்டெல்லா பிராங்கிசெப்டிகா என்ற பாக்டீரியா என இவை தனித்தோ கூட்டாகவோ மூச்சுக்குழலைத் தாக்கும். இந்தப் பாக்டீரியாவின் நெருங்கிய உறவுதான் குழந்தைகளுக்குக் கக்குவான் இருமலைத் தருவது. பெல்ஜிய அறிவியலாளர் ஜூல் போர்டே 1906-இல் கக்குவான் கிருமியைப் பிரித்தெடுத்தார். அவர் பெயரே இந்தப் பேரினத்துக்கு நிலைத்தது. தமிழ் வீடுகளில் பாட்டிமார் அறிந்த கக்குவானின் தொடர் இருமலையும் முடிவில் வரும் ஓங்கரிப்பையும் நினைவில் கொண்டால், இந்த நாய் இருமலை அடையாளம் காண்பது எளிது. மூச்சுக்குழலின் உட்சுவரில் குப்பையை மேலே தள்ளும் நுண்மயிர்கள் உண்டு. போர்டெட்டெல்லா அவற்றில் ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்குகிறது. துடைப்பம் நின்றுவிட்ட வீடுபோல் உள்ளே அழுக்குச் சேர, அதை இருமித்தான் தள்ள வேண்டியிருக்கிறது.

தொற்று ஏற்பட்டு மூன்று முதல் பத்து நாளில் இருமல் தொடங்கும். நன்றாக வளர்ந்த, தடுப்பூசி போட்ட நாய் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் தேறிவிடும். பலவற்றுக்கு எதிர்உயிரி மருந்தே தேவைப்படாது. ஓய்வு, நிழல், கழுத்துப்பட்டைக்கு விடுமுறை, தூசியில்லாத படுக்கை இவையே சிகிச்சை. குட்டிகள், கிழ நாய்கள், மூக்கு சப்பை இனங்கள் ஆகியவற்றில் மட்டும் இது நுரையீரலுக்கு இறங்கும் அபாயம் உண்டு. காய்ச்சல், தீனி மறுப்பு, மஞ்சள் அல்லது பச்சை மூக்குச்சளி, சோர்வு இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அது வெறும் கூண்டு இருமல் இல்லை. நுரையீரலின் கோடியிலுள்ள நுண்ணறைகளில் இருமலைத் தூண்டும் நரம்பு முனைகள் இல்லை என்பதையும் இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். நுரையீரல் அழற்சி முற்றிய நாய் இருமலைக் குறைத்துக்கொண்டு, மூச்சை மட்டும் வேகவேகமாக வாங்கும். 'இருமல் கொறஞ்சிருச்சு' என்று வீட்டார் நிம்மதியடையும் நேரமே ஆபத்தான நேரமாக இருக்கலாம்.

நாய்க்கென்று ஒரு காய்ச்சல் சளியும் உலகில் புதிதாகத் தோன்றியிருக்கிறது. 2004-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் பந்தய நாய்கள் இருமிச் சாகத் தொடங்கின. ஆராய்ந்தபோது, குதிரைகளிடம் நெடுங்காலமாக இருந்துவந்த இன்ஃப்ளூயன்சா வைரஸ் ஒன்று நாய்க்குத் தாவியிருந்தது தெரிந்தது. பறவைகளிடமிருந்து வந்த இன்னொரு வகை கொரியாவில் கண்டறியப்பட்டது.

ஆனால் தமிழ்நாட்டுக் கிராமத்தில் குட்டிகளை வரிசையாகத் தூக்கிச் செல்வது டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய். மூக்கும் கண்ணும் சீழ் ஒழுக ஒட்டிக்கொள்ளும், இருமல் வரும், வயிற்றுப்போக்கு வரும், பாதத்தின் அடித்தோல் தடித்துக் காய்த்துப்போகும். தேறியதுபோல் தோன்றிய இரண்டு வாரத்தில் தாடை வெட்டி இழுக்கும், கால் துடிக்கும், வலிப்பு வரும். இந்த வைரஸ் தட்டம்மை வைரஸுக்கும் ஆட்டுக்கொல்லி நோயின் வைரஸுக்கும் 2011-இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்ட மாட்டு வெக்கை நோயின் வைரஸுக்கும் பங்காளி. தொழுவத்தில் ஆடும் மாடும் கட்டியிருக்கும் வீட்டாருக்கு அந்தப் பெயர்களைச் சொன்னாலே இதன் கொடுமை புரிந்துவிடும். வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. காய்ச்சலையும் நீரிழப்பையும் வலிப்பையும் தணித்துக்கொண்டு நாயின் உடல் போராடக் காலம் வாங்கித் தருவதே சிகிச்சை.

டிஸ்டெம்பரின் வரலாற்றில் மனிதருக்கும் ஒரு பங்கு உண்டு. பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் ஆன்றி கரே 1905-இல் இதற்குக் காரணம் பாக்டீரியாவைவிட நுண்ணிய ஒன்று என்று காட்டினார். பலர் நம்பவில்லை, இருமும் நாய்களின் மூச்சுக்குழலில் கண்ட போர்டெட்டெல்லாவே காரணம் என்றார்கள். 1920-களில் இங்கிலாந்தில், வேட்டைநாய் வளர்ப்போர் படிக்கும் 'தி ஃபீல்டு' இதழ் திரட்டிய நிதியில் லெய்ட்லா, டங்கின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஆய்வு நடத்தி, கரே சொன்னதே சரி என்று நிறுவினார்கள். அந்த ஆய்வுக்காக அவர்கள் ஃபெரெட் என்ற கீரி போன்ற விலங்கைப் பயன்படுத்தினார்கள். அதே பழக்கம்தான் 1933-இல் மனித இன்ஃப்ளூயன்சா வைரஸை முதன்முதலாகப் பிரித்தெடுக்கக் கைகொடுத்தது. மனிதக் காய்ச்சலின் கிருமியை அறிய நாயின் இருமல் வழிகாட்டியது என்று சொன்னால் மிகையாகாது.

தடுப்பூசி போடாத நாய்க்கூட்டம் காட்டோரத்தில் இருந்தால் டிஸ்டெம்பர் அங்கேயே நிற்காது. 1994-இல் தான்சானியாவின் செரங்கெட்டியில் சுற்றுவட்டாரக் கிராமத்து நாய்களோடு தொடர்புடைய இந்த வைரஸ் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அழித்தது. 2018 செப்டம்பர், அக்டோபரில் குஜராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட ஆசியச் சிங்கங்கள் சில வாரங்களில் இறந்தபோதும் சோதனையில் டிஸ்டெம்பர் வைரஸ் கண்டறியப்பட்டது. அழகர்மலைக் காட்டின் எல்லை தோப்புகளை ஒட்டியே போகிறது. நரி, மரநாய், கீரி இனங்கள் எல்லாம் இந்த வைரஸுக்கு இடம்கொடுப்பவை. அழகர்கோவிலை அடுத்த பொய்கைக்கரைப்பட்டியில் ஒரு குட்டிக்குப் போடும் ஊசி மலைமேல் இருக்கும் நரிக்கும் காப்பு.

புழுவால் வரும் இருமலை நம்மூரில் பலர் நினைத்தும் பார்ப்பதில்லை. உருண்டைப் புழுவின் இளம்பருவம் தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்குள் புகுந்து, பிறந்த சில நாளில் நுரையீரலை அடைகிறது. அங்கிருந்து மூச்சுக்குழல் வழியே ஏறித் தொண்டைக்கு வர, குட்டி இருமி விழுங்குகிறது. புழு குடலுக்குப் போய்ச் சேர்ந்து வளர்கிறது. குட்டியின் இருமலையே அது வண்டியாக்கிக்கொள்கிறது. இரண்டு வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து கொடுக்கச் சொல்வதன் காரணம் இதுதான். வயிறு உப்பி, மயிர் சிலிர்த்து, இருமிக்கொண்டிருக்கும் குட்டிக்குச் சளி மருந்தைவிடப் புழு மருந்தே முதல் தேவையாக இருக்கும்.

தோப்பு நாய்க்கு இன்னொரு புழு உண்டு: ஸ்பைரோசெர்கா லூப்பி. இதன் முட்டையை நாயின் மலத்திலிருந்து சாணி வண்டு தின்கிறது. அந்த வண்டையோ, வண்டைத் தின்ற பல்லி, கோழி போன்றவற்றையோ நாய் தின்னும்போது புழு உள்ளே போகிறது. இரைப்பையிலிருந்து பெருந்தமனியின் சுவருக்குள் நுழைந்து பல மாதம் பயணம் செய்து உணவுக்குழலில் கட்டிகளை உண்டாக்குகிறது. விழுங்கிய சோறு திரும்பி வரும், எச்சில் ஊறும், இருமல் வரும், உடம்பு இளைக்கும். சில நாய்களில் அந்தக் கட்டி புற்றாக மாறும். கோழி அறுத்த கழிவைப் பச்சையாகப் போடும் வழக்கத்தை நிறுத்துவதும், மலத்தை அன்றன்றே அகற்றுவதும் இதற்கு எளிய தடை. கொசுவால் பரவும் இதயப்புழு இந்தியாவில் வடகிழக்கு மாநிலங்களில்தான் கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. அங்கிருந்து கொண்டுவந்த நாய் இருமினால் மருத்துவரிடம் அந்தச் செய்தியை மறக்காமல் சொல்ல வேண்டும்.

தொற்றும் புழுவும் இல்லாமல், உடலமைப்பே இருமலைத் தருவதும் உண்டு. நாயின் மூச்சுக்குழலை முப்பதுக்கும் மேற்பட்ட குருத்தெலும்பு வளையங்கள் விரித்துப் பிடித்திருக்கின்றன. பின்பக்கம் திறந்த, லாடம் போன்ற வளையங்கள் அவை. பொமரேனியன் போன்ற சிறிய இனங்களில் வயதாக ஆக இவை மெலிந்து தட்டையாகிவிடும். மூச்சை இழுக்கும்போதோ விடும்போதோ குழல் ஒட்டிக்கொள்ளும். நாய் காய்ந்த குரலில் விட்டுவிட்டு இருமும். குதூகலமும் வெயிலும் தொப்பையும் அதைக் கூட்டும். மதுரைக் கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் இப்படிப்பட்ட நாயை மதியம் வெளியே கூட்டிப்போவது கூடாது. இதற்கு மருந்தைவிட முந்திய சிகிச்சைகள் இரண்டு: எடையைக் குறைப்பது, கழுத்துப்பட்டையைக் கழற்றி நெஞ்சைச் சுற்றிக் கட்டும் வார்ப்பட்டைக்கு மாறுவது. கழுத்தில் இரும்புச் சங்கிலியோடு வாசல் தூணில் கட்டப்பட்டு, யார் போனாலும் பாய்ந்து பாய்ந்து தொண்டை நெரிபடும் நாய் நம் தெருக்களில் ஏராளம். அந்த இருமலில் பாதியைச் சங்கிலிதான் தருகிறது.

பக் இனத்தின் கதை வேறு. 2003-இல் வந்த ஹட்ச் தொலைபேசி விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னாலேயே நடந்த குட்டிநாயைக் கண்டு ஊரெல்லாம் பக் வாங்கியது. குட்டை மூக்கு, இடுங்கிய நாசித்துளை, தொண்டையில் தொங்கும் நீண்ட மென்சதை ஆகியவை சேர்ந்த அந்த முகம் வெயிலில் மூச்சுவிடப் படாதபாடு படும். அதன் குறட்டையையும் கனைப்பையும் இயல்பு என்று ஒதுக்காமல் காட்டி அறிய வேண்டும். வயதான லாப்ரடாரில் குரல்வளையின் தசை செயலிழந்து, குரைப்பு கம்மி, தண்ணீர் குடிக்கும்போது புரையேறி இருமுவதும் உண்டு. ஒல்லி உடலும் நீண்ட முகமும் கொண்ட சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் நாய்களுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. அவை ஓட்டத்துக்கென்றே அமைந்த உடல்கள். ஆனால் புல்வெளியில் வாயைத் திறந்துகொண்டு பாயும் நாய்க்கு ஊசிப்புல்லின் விதை மூச்சுக்குழலில் ஏறிவிடலாம். அம்புபோல் கூரிய முனையும் பின்னோக்கிய முள்மயிரும் உள்ள அது உள்ளே போகுமே தவிர வெளியே வராது. தோட்டத்தில் ஓடிவந்த நாய் அன்றே திடீரென்று இருமத் தொடங்கி, மருந்தால் குறைவதும் நிறுத்தினால் திரும்புவதுமாக இருந்தால் மருத்துவர் இந்த விதையைச் சந்தேகிப்பார்.

ஏழெட்டு வயது தாண்டிய நாயின் இரவு இருமலுக்கு இதயத்தை நினைக்க வேண்டும். சிறிய இனங்களில் இடப்பக்க வால்வு தடித்து ஒழுகுவதும், டாபர்மேன், கிரேட் டேன் போன்ற பெரிய இனங்களில் இதயத்தசை தளர்ந்து பலூன்போல் விரிவதும் வழக்கமான காரணங்கள். விரிந்த இதயம் மேலே இருக்கும் மூச்சுக்கிளையை அழுத்தும்போது நாய் இருமுகிறது. நுரையீரலில் நீர் கோத்தால் இருமலைவிட இளைப்பே முன்னால் வரும். அதை வீட்டிலேயே அளக்க முடியும். நாய் அயர்ந்து தூங்கும்போது சத்தம் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து விலாவைப் பார்க்க வேண்டும். ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். கனவு கண்டு கால் துடிக்கும் நேரத்தை விட்டுவிட வேண்டும். நல்ல நாய் தூக்கத்தில் நிமிடத்துக்கு முப்பதுக்குக் கீழேதான் மூச்சுவிடும். முப்பதைத் தாண்டி மறுநாளும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும், நாற்பதைத் தாண்டினால் காலை வரை காத்திருக்கக் கூடாது. இதய நோய்க்கு மருந்து எடுக்கும் நாயின் வீட்டில் இந்த எண்ணைத் தினமும் நாட்காட்டித் தாளில் குறித்துவைப்பது எந்தச் சோதனைக்கும் ஈடான தகவல்.

வீட்டுப் புகையும் இருமலுக்கு உரிய காரணமே. இரவெல்லாம் எரியும் கொசுவர்த்திச் சுருள் தரையோரம்தான் புகையைப் பரப்பும்; நாயும் தரையோரம்தான் படுத்திருக்கும். சாம்பிராணி, விறகடுப்பு, வைக்கோல் தூசி, பீடி, சிகரெட் எல்லாம் சேரும். வீட்டில் காசநோயாளி இருந்தால் நாய்க்கும் அவரிடமிருந்து கிருமி தொற்றுவது உண்டு. நாள்பட இருமி இளைக்கும் நாயைக் காட்டும்போது அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

இனி, செய்யக் கூடாதவை. அன்பால்தான் இவை செய்யப்படுகின்றன. அதனால்தான் கூடுதல் அழுத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. இருமலுக்குச் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் நசுக்கி ஊட்டுவது மனிதருக்குக் கைமருந்து, நாய்க்கு நஞ்சு. இரண்டும் அதன் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையை உண்டாக்கும். குழந்தைக்கு வாங்கி மிச்சமிருக்கும் இருமல் சிரப்பில் பாராசிட்டமாலோ மூக்கடைப்பு மருந்தோ கலந்திருக்கலாம். ஐபுப்ரோஃபென் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கற்பூரம் கலந்த தைலத்தை மூக்கில் தடவினால் நாய் அதை நக்கி விழுங்கும். சளியோடு வரும் இருமலை மருந்தால் அடக்கினால் சளி உள்ளேயே தேங்கும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது, மாட்டுக்குப் புகட்டுவதுபோல் நாயின் தலையை மேலே தூக்கிப் பிடித்து விளக்கெண்ணெயோ பாலோ கசாயமோ ஊற்றுவது. எண்ணெய்க்கு ஓர் இயல்பு உண்டு: அது மூச்சுக்குழலைத் தொடும்போது இருமலைச் சரியாகத் தூண்டுவதில்லை. நழுவிக்கொண்டு நேரே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். முந்தின நாள் வரை சாதாரண இருமலோடு சோறு தின்ற நாய், புகட்டிய மறுநாள் நுரையீரல் அழற்சியோடு வந்து நிற்பதற்கு இது காரணம். நீர்மருந்து கொடுக்க வேண்டியிருந்தால் தலையை இயல்பான மட்டத்தில் வைத்து, கடைவாய் ஓரத்தில் ஊசியில்லாத சிரிஞ்சால் சிறிது சிறிதாக விட்டு, விழுங்க இடைவெளி தர வேண்டும். மாத்திரையாக இருந்தால் இட்லித் துண்டில் வைத்துக் கொடுத்துவிடலாம்.

உண்மையிலேயே தொண்டை அடைத்து மூச்சே நின்றுபோகும் நிலை அரிது. அப்போது நாய் இருமாது, சத்தமே வராது, நாக்கு நீலமாகும். சிறிய நாயைப் பின்னங்கால் மேலாகத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டலாம். பெரிய நாயைப் பின்னாலிருந்து அணைத்து விலாக்கூட்டுக்குக் கீழே உள்ளும் மேலுமாக நாலைந்து முறை அழுத்தலாம். இருமிக்கொண்டிருக்கும் நாய்க்கு இதைச் செய்யக் கூடாது. இருமுகிறது என்றாலே காற்று போய்வருகிறது என்று பொருள்.

உடனே கிளம்ப வேண்டிய நேரத்தை ஈறு காட்டிக்கொடுக்கும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறினாலோ நீலம் பாய்ந்தாலோ, நாய் முழங்கையை அகற்றி உட்கார்ந்துகொண்டு படுக்க மறுத்தாலோ, ரத்தம் கலந்த நுரை வந்தாலோ அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அழகர்கோவிலிலிருந்து போகிறவர்களுக்கு அது பழகிய பாதை. சித்திரையில் கள்ளழகர் வைகைக்கு இறங்கி வரும் அதே வழியில், அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி தாண்டினால் தல்லாகுளத்தில் அரசுக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான இலவச அழைப்பு எண் 1962. காரில் போகும்போது சன்னலைத் திறந்து, நாயை அதற்குப் பிடித்த நிலையில் இருக்கவிட்டு, கழுத்தில் கைவைக்காமல் கொண்டுபோக வேண்டும்.

அங்கே மருத்துவர் மூச்சுக்குழலைக் கழுத்தில் இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பார். உடனே வாத்து இருமல் கிளம்பினால் அழற்சி குழலில் இருக்கிறது. பிறகு இதயத்தின் இரைச்சல், நுரையீரலின் கரகரப்பு, காய்ச்சல், தேவைப்பட்டால் ரத்தம், மலம், நெஞ்சு எக்ஸ்ரே. இதயத்தின் எக்கோ போன்ற நுட்பச் சோதனைகளுக்கு, 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி இன்று வேப்பேரியில் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய இடங்களுக்கு அனுப்புவதும் உண்டு. செலவைக் கேட்டுத் தயங்குவோர் முதலில் எக்ஸ்ரேயை மட்டுமாவது எடுத்துவிடலாம். இதயம், நுரையீரல், மூச்சுக்குழல் மூன்றையும் ஒரே படத்தில் காட்டுவது அது.

தடுப்பூசி அட்டவணை எளிது. ஆறிலிருந்து எட்டு வார வயதில் கூட்டுத் தடுப்பூசி தொடங்கும். மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடரும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மீள்ஊசி. டிஸ்டெம்பர், அடினோவைரஸ், பாராஇன்ஃப்ளூயன்சா ஆகியவை கூட்டு ஊசியிலேயே அடங்கும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் உடலில் இருக்கும்வரை முதல் ஊசி முழுப்பலன் தராது. ஒன்று போட்டாயிற்று என்று நிறுத்திக்கொண்ட வீடுகளில்தான் நாலு மாதக் குட்டிகள் டிஸ்டெம்பருக்குப் பலியாகின்றன. போர்டெட்டெல்லாவுக்குத் தனித் தடுப்பு மருந்து உண்டு. மூக்கில் சொட்டாக விடும் வகையும் இருக்கிறது. எல்லா நாய்க்கும் அது கட்டாயமில்லை. காப்பகத்துக்கோ கண்காட்சிக்கோ போகும் நாய்க்குத் தேவை.

திருவிழாவுக்கும் கோடை விடுமுறைக்கும் நாயைக் காப்பகத்தில் விட நினைப்பவர்கள் அந்த மருந்தைக் குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். விடப்போகும் இடத்துக்கு ஒருமுறை நேரில் போய், உள்ளே இருமல் சத்தம் கேட்கிறதா, காற்றோட்டம் இருக்கிறதா, தண்ணீர்ச் சட்டி தனித்தனியா என்று பார்த்துவர வேண்டும். திரும்பி வந்த நாய் அடுத்த பத்து நாளுக்குள் இருமினால் அதைத் தெருவில் நடத்தக் கூடாது, அக்கம்பக்கத்து நாயோடு விடக் கூடாது, தட்டையும் படுக்கையையும் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். கடைசி இருமல் நின்ற பிறகும் இரண்டு வாரம் தனியே வைப்பது நல்லது. நாய் துள்ளி விளையாடத் தொடங்கிய பிறகும் போர்டெட்டெல்லா அதன் மூச்சில் சில வாரங்களும், சில நாய்களில் மூன்று மாதம் வரையும் தங்கியிருக்கும்.